பேரீச்சம்பழத்துக்குப் போடாத வண்டி

அன்புள்ள அப்பாவுக்கு, சித்ராதேவி வணக்கத்துடன் எழுதுவது. உங்கள் முழங்கால் வலி தேவலையா? அம்மாவுக்குச் சளி விட்டதா? நான் கொஞ்சம் கிரீஸ் வாசனையோடு நலம்.

போனில் வண்டி என்று தொடங்கினாலே கட் பண்ணுகிறீர்கள். கடிதத்தைக் கட் பண்ண முடியாதல்லவா? கிழித்தால் அம்மா ஒட்டிவிடுவாள்.

நான் வாங்கிய பழைய பிக்கப்பைப் பார்த்ததும் மெக்கானிக் நல்லான் அண்ணன், "ஏங்கண்ணு, இதைப் பேரீச்சம்பழத்துக்குப் போடத்தானே கொண்டாந்தே?" என்றார்.

"ஓட்டத்தாண்ணே. பழம் வேணும்னா தனியா வாங்கித் தாரேன்" என்றேன்.

கையிலிருந்த காசுக்குள் முடிக்க வேண்டுமே! ஓட்டை விழுந்த தரைக்குத் தகரம் அடித்தோம். சீட்டுக்குள் நான் வேலை பார்க்கும் கம்பெனியில் கழித்த பனியன் துணியைத் திணித்தோம்.

நேற்று துணி ஏற்றிப் போகையில் வேலம்பாளையத்தில் வண்டி சும்மா கொஞ்சம் நின்றது. பயப்பட ஒன்றுமில்லை. ஷிப்ட் முடிந்து வந்த பெண்கள் தள்ளினார்கள். வேடிக்கை பார்த்த ஒருவர், "பொம்பளப் புள்ளைக்கு எதுக்கம்மிணி வண்டி?" என்றார். "தள்ளிக்கிட்டே கேளுங்கண்ணே" என்றேன். தள்ளினார். கிளம்பிவிட்டது.

ஆகவே, விற்றுவிட்டு ஊருக்கு வா என்று இனிச் சொல்லாதீர்கள். விற்க மாட்டேன். காலமெல்லாம் அடுத்தவர் லாரியை ஓட்டிய உங்களுக்கு, சொந்த வண்டி என்றால் என்னவென்று நான் சொல்ல வேண்டுமா?

என் பழைய போர்வையைக் கொடுத்தனுப்புங்கள். நார்த்தங்காய் ஊறுகாயும். பக்கத்து சீட் காலியாகவே வருகிறது. நானே பாடி, நானே போதும் என்று சொல்லிக்கொள்கிறேன். ஒரு தடவை வந்து உட்காருங்கள் அப்பா. வழியெல்லாம் திட்டிக்கொண்டே வந்தாலும் சரி.

கம்பெனிச் சங்கு ஊதிவிட்டது, ஓடுகிறேன்.

சித்ரா