நீலச் சட்டையின் மேல் ஒட்டிய சேலை

இன்று காலை உன் முகத்தைச் சுரண்டி எடுத்தேன். எங்கள் கடைக் கண்ணாடியில் ஒட்டியிருந்த உன் கண்ணீர் அஞ்சலி நோட்டீசைத்தான் சொல்கிறேன். "முப்பத்தொண்டாம் நாள் காரியமும் முடிஞ்சுது. அதை எடுத்துப்போட்டு மலிவு விற்பனை நோட்டீசை ஒட்டுங்கோ" என்றார் முதலாளி. வெந்நீரும் கத்தியுமாக வெளியே போனேன். பசை ஊறி, புளித்த மாவின் மணம் வந்தது. பாரிசின் லாச்சப்பல் தெரு கடை திறக்கும் அவசரத்தில் இருந்தது. மீன் பெட்டி இறக்கிக்கொண்டிருந்தவர்கள் திரும்பியும் பார்க்கவில்லை. நான் அழவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு சுரண்டினேன்.

"அடக்கத்தின் உறைவிடம்" என்று போட்டிருந்தார்கள். அதற்குக் கீழே நீ வாய் நிறையச் சிரித்துக்கொண்டிருந்தாய். கழுத்துக்குக் கீழே உன்னுடையது எதுவும் இல்லை. யாரோ கம்ப்யூட்டரில் ஒரு மஞ்சள் பட்டுச் சேலையைக் கொண்டுவந்து பொருத்தி, தோளையும் கையையும் மூடியிருந்தார்கள். சேலைக் கடையில் நிற்கிறவள் நான். அந்த மஞ்சளை நீ ஒருநாளும் தொட்டதில்லை.

அந்தப் படத்தை எடுத்தவளும் நான்தான்.

அது ஒரு திங்கட்கிழமை. எங்கள் கடைக்குப் பூட்டு. பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை என்பதால் அங்கே சமையலறையில் வேலை செய்த உனக்கும் கோன்ஜே, லீவு. உன் புருசன் செத்து ஒரு வருடத்துக்கு மேலாகியிருந்தது. புறநகர் கார்ஜ் லே கொனெஸிலிருந்து ரயிலேறி, என் வீட்டு வாசலில் வந்து நின்றாய். கையில்லாத நீலச் சட்டை. பார்பேஸ் நடைபாதையில் வாங்கியதாம்.

"எடியே, மாதம் முழுக்க ரயில் பாஸ் கிடக்குது. வேலைக்கும் வீட்டுக்கும்தானே அதைக் காட்டுறன். இண்டைக்கு ஊர் பாக்க வந்த ஆக்கள் மாதிரிச் சுத்துவம், வாவன்."

"செலவு?" என்றேன்.

"நடக்கிறதுக்கு ஆர் காசு கேக்கிறது?"

கடைத்தெருவில் மீன் ரோல்ஸ் வாங்கினோம். போத்தலில் குழாய்த் தண்ணீர் நிரப்பினோம். ஸ்டாலின்கிராட் மெத்ரோ நிலையப் பக்கம் போய்க் கால்வாய்க் கரையைப் பிடித்து நடந்தோம். எங்கேயும் நேரத்துக்குப் போய்ச் சேர வேண்டியதில்லை என்பதே உனக்குப் பெரிய புதினமாக இருந்தது. ஒரு கதவின் நிறம் பிடித்தால் அதன் முன்னால் நின்றாய். பழைய புத்தகக் கடையில் நாய் ஒன்று உறங்கினால் அதையும் குனிந்து பார்த்தாய்.

கால்வாயில் ஒரு இடத்தில் சுற்றுலாப் படகொன்று இரண்டு மதகுகளுக்கு இடையில் நின்றது. தண்ணீர் ஏற ஏற, படகில் இருந்தவர்களின் தலைகள் மெல்ல எங்கள் மட்டத்துக்கு வந்தன. நாங்கள் கரையில் உட்கார்ந்து ரோல்ஸ் கடித்துக்கொண்டிருந்தோம். படகில் இருந்த ஒரு கிழவி கமராவைத் தூக்கி எங்களைப் படமெடுத்தாள்.

"பாரடி! நாங்கள் இவையைப் பாக்க வந்தம், இவை எங்களைப் பாக்கினம். பாரிசிலை பாக்கவேண்டிய சாமான் நாங்கள்தான் போலை!"

சொல்லிவிட்டுத் தலையைப் பின்னால் போட்டுச் சிரித்தாய். உதட்டில் ரோல்ஸ் தூள். அப்போதுதான் எடுத்தேன்.

பிறகு சேன் நதிக்கரையில் செருப்பைக் கழற்றிவிட்டு வெகுநேரம் இருந்தோம். பக்கத்திலிருந்த லியோன் ரயில் நிலையத்தில் உன்னை ஏற்றிவிட்டேன். ரயிலில் போகும்போதே அந்தப் படத்தை வாட்ஸப் ஸ்டேட்டசில் போட்டிருக்கிறாய். நீ வீடு சேர முன்னரே உன் புருசனின் தமையன் அழைத்துவிட்டார். அடுத்த நாள் கடைக்குள் இரண்டு பேர் சேலை விரித்தபடி உன்னைத்தான் கதைத்தார்கள். "புருசன் செத்த ஈரம் காயேல்லை, கையில்லாத சட்டையும் இளிப்பும்." "படம் எடுத்தது ஆரோ?" எடுத்தவள் நான் என்று சொன்னேன். அவர்கள் நம்பவில்லை. ஒரு ஆணைக் கற்பனை செய்துவிட்டார்கள். அதை விட அவர்களுக்கு மனமில்லை.

"அழிச்சிட்டன்டி" என்று ஃபோனில் சொன்னாய். "பிள்ளையளுக்கு நாளைக்குக் கலியாணம் பேசவேணும். இவையின்ர வாயை ஆர் மூடுறது?"

அதற்குப் பிறகு எத்தனை திங்கட்கிழமைகள் உன்னைக் கூப்பிட்டேன். துணி துவைக்க வேண்டும் என்றாய், தலையிடி என்றாய். உன்மேலும் எனக்குக் கோபம்தான். இந்த ஊரில் நீ உழைத்தாய், வாடகை கட்டினாய், இரண்டு பிள்ளைகளைத் தனியே படிப்பித்தாய். ஒருநாள் தெருவில் நடந்ததற்கு ஏன் தலைகுனிந்தாய்? அந்தக் குனிந்த தலையோடுதான் ஒரு காலையில் வேலையிடத்தில் விழுந்தாய். எழும்பவேயில்லை.

உன்னைப் பார்வைக்கு வைத்திருந்த மண்டபத்தின் வாசலிலும் அதே மஞ்சள் சேலைப் படம். தமையன் வந்தவர்களை வரவேற்றுக்கொண்டு நின்றார்.

"இந்தப் படம் எங்காலை அண்ணை?" என்று கேட்டேன்.

"அவவின்ர ஃபோனிலை இருந்தது. முகத்திலை நல்ல களை, என்ன?"

அழித்துவிட்டதாகச் சொன்னவள், ஸ்டேட்டசில் இருந்துமட்டும் எடுத்துவிட்டு உனக்கென்று வைத்திருந்திருக்கிறாய். நான் விடவில்லை.

"இதை அழிக்கச் சொன்னது நீங்கள்தானே?"

"செத்த வீட்டிலை ஏன் பழசைக் கிளறுறியள்?"

"பழசைக் கிளறினது நீங்கள். நீங்கள் தூ எண்ட படத்தைத்தான் இஞ்சை மாட்டி வைச்சிருக்கிறியள்."

சுற்றி நின்றவர்கள் என் கையைப் பிடித்து ஒதுக்கப் பார்த்தார்கள். உன் மகள் மட்டும் நடுவில் வந்தாள். எப்போதும் பிரெஞ்சிலேயே பதில் சொல்லும் பிள்ளை, அன்றைக்குத் தமிழில் கேட்டாள்: "அன்ரி, மெய்யான படம் உங்களிட்டை இருக்கோ?"

அந்த இடத்திலேயே, அவளுடைய பெரியப்பாவுக்கு முன்னாலேயே அனுப்பினேன். அவள் வெகுநேரம் பார்த்தாள். "அம்மாவுக்கு இப்பிடிச் சிரிக்கத் தெரியுமெண்டு எனக்குத் தெரியாது" என்றாள். அவர்கள் உன்னிடமிருந்து பறித்தது என்னவென்று அந்தச் சொல்லில்தான் எனக்கு முழுதாக விளங்கியது.

இன்று மதியம் ஒரு அம்மா கடைக்கு வந்தா. சேலையைத் தடவியபடி, பக்கத்துப் புறநகர் ஸ்தேனில் இருக்கும் ஒரு பெண்ணைப் பற்றித் தொடங்கினா. விவாகரத்தானவளாம். யாருடனோ கோப்பிக் கடையில் இருந்தாளாம், கண்டவர்கள் இருக்கிறார்களாம். முந்தியென்றால் தலையாட்டிவிட்டு அடுத்த சேலையை விரித்திருப்பேன்.

"அக்கா, சீலை பாக்க வந்தனீங்கள் எண்டால் பாருங்கோ. அந்தப் பிள்ளையைப் பற்றி இஞ்சை கதைக்கேலாது."

"இதென்ன புதுக்கதை? முதலாளியைக் கூப்பிடும்!"

முதலாளி வந்தார். அவரிடமும் அதையே சொன்னேன். அந்த அம்மா வாங்காமலே போய்விட்டா. "யாவாரத்தைக் கெடுக்கிறியள்" என்று முதலாளி முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறார். வைத்திருக்கட்டும்.

செத்தவளுக்காகக் கோபப்படாதே, ஆத்மா சாந்தியடையாது என்று எல்லோரும் எனக்குச் சொல்கிறார்கள். உன்னை அவர்கள் சாந்தமாக்கி முடித்துவிட்டார்கள். இந்தக் கோபத்தையாவது என்னிடம் விட்டுவிடட்டும். அந்த ஸ்தேன் பெண்ணை எனக்குத் தெரியாது. அவள் கடைக்கு வரும் நாளில் இருக்கச் சொல்லி ஒரு தேநீர் கொடுப்பேன்.