பொத்தானுக்கு அடியில் அம்மாவின் முடிச்சு

அன்புள்ள அப்பாவுக்கு,

நலமாக இருக்கிறேன். கண் ஆபரேஷன் செய்த புண் ஆறிவிட்டதா?

நேற்று கம்பெனிக் கிடங்கில் சரிபார்க்க நான் திறந்த பெட்டியில், சட்டைப் பொத்தான்களுக்கு அடியிலெல்லாம் அம்மாவின் முடிச்சு. இடப்பக்கமாக நான்கு சுற்று, பல்லால் கடித்த நூல். முனை இன்னும் ஈரமாக இருப்பதுபோலத் தோன்றியது. அம்மா போய் இரண்டு வருடம். சட்டைகளோ போன மாதம் தைத்தவை என்று பெட்டிச் சீட்டில் இருந்தது.

“என்னக்கா, பேயடிச்ச மாதிரி நிக்கிறீங்க?” என்று பக்கத்து மேசைக்காரி சிரித்தாள்.

“எங்கம்மா வந்திருக்காங்கடி.”

அவள் சிரிப்பு நின்றுவிட்டது.

வீட்டில் கூலிக்குப் பொத்தான் தைப்பதை நிறுத்திவிட்டோம் என்றீர்களே. அம்மாவுக்கு நூல் கோத்துக் கொடுத்த நீங்கள்தானா இப்போது தைப்பது? வேண்டாம் அப்பா, கண் போய்விடும். கேட்கமாட்டீர்கள் என்றால் மூன்றே சுற்று சுற்றுங்கள். அம்மா இல்லை, நீங்கள்தான் என்று தெரிந்து அடுத்த பெட்டியைப் பயமில்லாமல் திறப்பேன்.

மணி அடித்துவிட்டது.

உங்கள் மகள்