நீ வழிவிடாத வளைவு

இன்று காலை காரின் டேஷ்போர்டு பெட்டியைத் திறந்ததும் பூண்டு வாசம் அடித்தது.

நான் டிரைவராக இருக்கும் பங்களாவின் காரை விற்றுவிட்டார்கள். வாங்கியவருடைய டிரைவர் கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்தார். காகிதங்களையெல்லாம் சரிபார்த்து வாங்கிக்கொண்டு, "வண்டியோட புக்கு இருக்குதுங்களாண்ணா?" என்று கேட்டார். அதை எடுக்கத்தான் பெட்டியைத் திறந்தேன். தோல் உறை போட்ட அந்தக் கனமான புத்தகம் உள்ளே கிடந்தது. நீ அதை ஒரு வாரம் உன் லாரி கேபினில், பூண்டி கிராமத்து மலைப்பூண்டு மூட்டைகளுக்கு நடுவே வைத்திருந்தாய். ஆறு வருஷமாகியும் அந்த வாசம் போகவில்லை. மற்றவர்களுக்கு அடிக்குமோ என்னவோ, என் மூக்குக்கு அடித்தது. பிரித்துப் பார்க்காமலே எனக்குத் தெரியும், பிரேக்கைப் பற்றிய பக்கத்தின் ஓரத்தில் உன் கட்டைவிரல் கிரீஸ் கறையாகப் பதிந்திருக்கும்.

"ஒரு நிமிஷம் பொறுங்க தம்பி" என்று சொல்லிவிட்டு ஷெட்டுக்குப் பின்னால் போய் நின்றேன். மலையிறங்கப்போகிற அந்தத் தம்பியிடம் இதைக் கொடுத்தால் போதுமா, இல்லை நடந்ததையும் சொல்ல வேண்டுமா? வாசலில் முதலாளியின் மகளும் நின்றிருந்தாள். அவள் எதிரில் சொல்ல வேண்டும். ஆறு வருஷமாக வாய்க்குள்ளேயே வைத்திருந்ததை எப்படித் துப்புவது என்று தெரியவில்லை.

உனக்கு நான் கடிதம் எழுதியதே இல்லை. தினமும் பெருமாள்மலை டீக்கடையில் பார்க்கிறவனுக்கு என்ன கடிதம் வேண்டிக்கிடக்கிறது? நீ இருந்தபோது சொல்லவேண்டியதைச் சொல்லாமல் விட்டேன். அதனால்தான் இப்போது எழுதுகிறேன்.

நாம் இருவரும் ஒரே நாளில் ஹெவி லைசென்ஸ் வாங்கினவர்கள். நீ பூண்டி லாரியில் ஏறினாய். நான் மிஷன் பள்ளிக்கூட பஸ்ஸில் ஏறி, பிறகு பங்களாக் காருக்கு வந்தேன். அந்தக் கார் வந்த நாள், உன்னை உள்ளே உட்காரச் சொன்னபோது முதலில் நியூஸ்பேப்பரை விரித்தாய். சீட் அழுக்காகிவிடுமாம். உட்கார்ந்து நாலாபக்கமும் பார்த்துவிட்டு, "மாப்ளே, கட்டில்ல படுத்துக்கிட்டே ஓட்டலாம் போலருக்கேலே" என்றாய். நான் சிரித்தேன். உள்ளுக்குள் எனக்குப் பெருமை தாங்கவில்லை. வெள்ளைச் சட்டை, வெளிநாட்டு வண்டி. போதாக்குறைக்கு முதலாளி வருஷத்தில் இரண்டு தரம்தான் வருவார். மற்ற நாளெல்லாம் துடைத்துப் போர்த்தி வைத்தால் போதும்.

நம் சண்டை கியரில் ஆரம்பித்தது.

"ஏறுன கியர்லயே எறங்கணும். எந்த வண்டியா இருந்தா என்ன?" என்றாய் நீ.

"இதுல கியரே போட வேண்டாம்லே. தானா மாத்திக்கும். கால வச்சா நிக்கும், அம்புட்டுத்தான்."

"தானா மாத்திக்கும்னு கம்பெனிக்காரன் சொல்லுவான். மலை சொல்லணும்ல?"

அதோடு விட்டிருப்பாய் என்று நினைத்தேன். நீயோ வண்டியின் புத்தகத்தைக் கேட்டாய். மூன்று வருஷமாக அதன் பிளாஸ்டிக் உறையைக்கூட நான் பிரித்திருக்கவில்லை. இங்கிலீஷில் நீ என்ன படித்துக் கிழிக்கப்போகிறாய் என்று கேலி பேசிக் கொடுத்தேன். உன் மகள் கொடைக்கானலில் விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாள். அந்த ஞாயிற்றுக்கிழமை அவளை உட்காரவைத்துப் பக்கம் பக்கமாகப் படிக்கச் சொல்லியிருக்கிறாய். அடுத்த வாரம் டீக்கடையில் புத்தகத்தை என் முன்னால் வைத்து, ஒரு பக்கத்தில் கட்டைவிரலை ஊன்றினாய்.

"இங்க பாரு. சீட்டுப் பக்கத்துல இருக்குற அந்தக் கம்பிய எடப்பக்கம் தள்ளுனா கியர் உன் கைக்கு வந்துருது. முன்னால பின்னால ஆட்டி எறக்கிக்கிறலாம். உன் வண்டியில கியர் இல்லைன்னு எவன்டா சொன்னது?"

எனக்கு முகம் சுருங்கியது. நீ விடவில்லை.

"இன்னொன்னு போட்டிருக்கு. பிரேக் ஆயில் ரெண்டு வருசத்துக்கு ஒருக்க மாத்தணுமாம். நீ எப்ப மாத்துன?"

"வண்டி ஓடுனாத்தானலே மாத்த? ஷெட்டுலயே கெடக்கு. ஓடாத வண்டிக்கு என்ன சர்வீஸ்?"

இந்த ஊரில் எல்லா பங்களா டிரைவரும் சொல்கிற பேச்சுதான் அது. கிலோமீட்டர் காட்டுகிற எண்ணைப் பார்த்துத்தான் நாங்கள் வண்டிக்கு வயசு சொல்லுவோம். நீ டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாய்: "இந்த மூடுபனியில தார்ப்பாயக் கட்டி மூடி வச்ச பூண்டே ஈரம் குடிச்சு அழுகிப்போகுது. உன் ஆயில் டப்பாக்குள்ள மட்டும் ஈரம் போகாதா? ஈரம் சேந்த ஆயில் சூட்டுல கொதிச்சுரும்லே. கொதிச்சா பெடல் தரைக்குப் போயிரும்."

கடையில் நாலு டிரைவர்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அதுதான் என்னைச் சுட்டது. "மூட்டை ஏத்துறவன் மூட்டையப் பாருலே" என்று சொல்லி, புத்தகத்தைப் பிடுங்கிக்கொண்டு எழுந்து வந்தேன். அதற்குப் பிறகு ஒரு மாதம் நாம் பேசவில்லை. ஆயிலையும் நான் மாற்றவில்லை. மாற்றினால் நீ ஜெயித்தமாதிரி ஆகிவிடும் என்று இருந்தேன். எவ்வளவு அற்பமான காரணம்! எழுதும்போதே வெட்கமாக இருக்கிறது.

அந்த மாதம் முடிகிற சமயம் ஒரு நாள், காலையில்தான் மழை விட்டிருந்தது. மதுரையில் மதிய விமானம். முதலாளியின் மகள் நாலு மாதக் கைக்குழந்தையோடு பின் சீட்டில் இருந்தாள். புறப்படவே தாமதம். "கொஞ்சம் சீக்கிரம் போயிடலாமாண்ணா?" என்றாள். பெருமாள்மலை தாண்டியதும் விரட்டினேன். வளைவுக்கு வளைவு பிரேக், வளைவு முடிந்ததும் வேகம், மறுபடி பிரேக். உள்ளே ஒரு குலுங்கல் கிடையாது. குழந்தை நன்றாகத் தூங்கியது. அந்தச் சுகம்தான் என்னை ஏமாற்றியது. வெளிச்சத்தம் உள்ளே வராத வண்டியில், சக்கரம் படும் பாடும் உள்ளே வருவதில்லை.

ஊத்து என்கிற ஊரைத் தாண்டி நாலைந்து வளைவு கீழே உன் லாரி போய்க்கொண்டிருந்தது. பச்சைத் தார்ப்பாய், பின் பலகையில் உன் மகள் பெயர். வடுகபட்டிச் சந்தைக்குப் பூண்டு ஏற்றிக்கொண்டு, இரண்டாம் கியரில் உறுமிக்கொண்டு இறங்கினாய். ஹாரன் அடித்தேன். நீ ஒதுங்கவில்லை. மறுபடி அடித்தேன். நேரான சாலை வந்தது, எதிரே ஒரு வண்டியும் இல்லை. எந்த டிரைவரும் வழிவிடுகிற இடம் அது. நீ லாரியை நடுரோட்டுக்கு ஏற்றினாய். ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி, உள்ளங்கை தரையைப் பார்க்க, மேலும் கீழும் மெதுவாக அசைத்தாய்.

மெதுவாக வா என்று அதற்கு அர்த்தம். லைசென்ஸ் வாங்கின எவனுக்கும் தெரியும். எனக்கு அன்று அது "அடங்குலே" என்று பட்டது. டீக்கடைச் சண்டையை நீ ரோட்டுக்குக் கொண்டுவந்துவிட்டாய் என்று நினைத்தேன். ஹாரனிலிருந்து கையை எடுக்காமல், பின்னால் குழந்தை இருக்கிறது என்பதையும் மறந்து, பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன்: "கவுந்து தொலைடா."

ஒரு டிரைவர் இன்னொரு டிரைவரைப் பார்த்துச் சொல்லக்கூடாத வார்த்தை அது. அதுவும் மலையில்.

"அண்ணா, ஏதோ கருகுற வாசம் வருது" என்றாள் அவள்.

"முன்னால போற லாரிதாங்கம்மா" என்றேன்.

சொல்லி வாய் மூடவில்லை, அடுத்த வளைவு வந்தது. காலை வைத்தேன். பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போனது. எடுத்து மறுபடி மிதித்தேன். தரையைத் தொட்டது. வண்டி போய்க்கொண்டே இருந்தது. வலப்பக்கம் தடுப்புச் சுவருக்கு அந்தப் பக்கம் வெறும் மேகம். முன்னால் இருபதடியில் உன் மகள் பெயர் எழுதிய பலகை, பெரிதாகிக்கொண்டே வந்தது. அந்த நேரத்தில் எனக்குச் சாமி நினைவு வரவில்லை, மாப்ளே. ஜெபமும் வரவில்லை. உன் கட்டைவிரல்தான் வந்தது. கிரீஸ் படிந்த அந்த நகமும், அதற்குக் கீழே இருந்த படமும்.

கம்பியை இடப்பக்கம் தள்ளினேன். ஒரு தரம் இறக்கினேன். என்ஜின் அலறியது. இன்னொரு தரம். யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுத்தமாதிரி வண்டி திணறியது. குழந்தை வீரிட்டது. கண்ணாடியில் நீ எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாய். அதுவரை இம்மி நகராத லாரியை அப்போதுதான் முன்னால் எடுத்து எனக்கு இடம் கொடுத்தாய். இடது சக்கரங்களை மலையோர வாய்க்காலில் இறக்கினேன். பம்பர் மண்சுவரில் தேய்ந்து தேய்ந்து, ஒருவழியாக வண்டி நின்றது.

குழந்தைக்கு ஒன்றுமில்லை. தாய்க்கும் ஒன்றுமில்லை. அவள் அழக்கூட மறந்து குழந்தையை இறுக்கிப் பிடித்திருந்தாள்.

நான் இறங்கினேன். முன்சக்கரம் இரண்டிலும் புகை. பள்ளிக்கூட பஸ் காலத்துப் பழக்கம், தண்ணீர் கேனைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். நீ லாரியிலிருந்து குதித்து வந்து கேனைத் தட்டிவிட்டாய்.

"ஊத்தாதலே! பழுத்துப் போன பிரேக் தட்டுல பச்சத்தண்ணி பட்டா வெடிச்சுரும். அதுபாட்டுக்கு ஆறட்டும், விடு."

பெரிய கல்லாகப் பார்த்துச் சக்கரங்களுக்கு அண்டை கொடுத்தாய். பிறகுதான் என் பக்கம் திரும்பினாய். உன் உதடு வெளுத்திருந்தது. "மேல் வளைவுல நீ திரும்புறப்பவே பாத்துட்டேன், சக்கரத்துல பொகை. உனக்கு வழி விட்டிருந்தா, அடுத்த வளைவுல உன்னத் தேடிக் கயிறு கட்டித்தான் எறங்கணும்."

நான் உன் கையைப் பிடித்திருக்க வேண்டும். காலிலேயே விழுந்திருக்கலாம். அதற்குள் முதலாளி போனில் வந்துவிட்டார். "வண்டியெல்லாம் ஒழுங்காத்தானே பாத்துக்கிட்டே?" என்று கேட்டார். நீ பக்கத்திலேயே நின்றாய்.

"எல்லாம் சரியாத்தாங்கய்யா இருந்துச்சு. திடீர்னு பிரேக் விட்டுருச்சு. கியர்லயே சமாளிச்சு நிப்பாட்டிட்டேன்."

நீ அதையும் கேட்டுவிட்டு லாரியில் ஏறிப் போய்விட்டாய்.

அப்புறம் நடந்தது உனக்கும் தெரியும். என் கைத்திறமையை முதலாளி ஊரெல்லாம் சொன்னார். ஒரு கைக்கடிகாரம் வாங்கிக் கொடுத்தார். ஆயிலை மாற்றியபோது மெக்கானிக் பழையதைப் பாட்டிலில் பிடித்துக் காட்டினார். தேன் நிறத்தில் இருக்கவேண்டியது கடுங்காப்பியாக இருந்தது. அந்த பாட்டிலை யாருக்கும் தெரியாமல் அப்புறப்படுத்தச் சொன்னேன். டீக்கடையில் நீதான் முதலில் பேசினாய். என் மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தாய்.

"நல்லாருக்குலே. நேரம் சரியாக் காட்டுதா?"

அவ்வளவுதான் கேட்டாய். அதற்குப் பிறகு சாகிறவரை அந்தப் பேச்சை எடுக்கவில்லை. போன ஐப்பசியில் நெஞ்சுவலி என்று உட்கார்ந்தவன் எழாமலே போய்விட்டாய். உன் வீட்டு வாசலில், உன் மகள் முன்னால் நின்றபோதும் நான் வாயைத் திறக்கவில்லை.

இன்று அந்தத் தம்பிக்குச் சொன்னேன். ஆயில் மாற்றிய மாதத்தை பானட்டுக்குள் எழுதி ஒட்டியிருப்பதைக் காட்டினேன். கம்பியை இடப்பக்கம் தள்ளி, ஏறுகிற கியரிலேயே இறங்கச் சொன்னேன். அவர் சிரித்தார். "இதெல்லாம் தானாவே மாத்திக்குமுங்ண்ணா. வண்டி ஓடவே இல்லீங்களே, புதுசாட்டவே இருக்குது." என் குரலையே கேட்டமாதிரி இருந்தது. அதற்குமேல் என்னால் அடக்க முடியவில்லை. முதலாளியின் மகள் பக்கம் திரும்பினேன். அவள் கையைப் பிடித்துக்கொண்டு நின்ற பிள்ளைக்கு இப்போது ஆறு வயது.

"அம்மா, அன்னைக்கு உங்களையும் பாப்பாவையும் காப்பாத்துனது நான் இல்லைங்க. பிரேக் ஆயில மாத்தச் சொல்லியும் மாத்தாம இருந்தவன் நான். முன்னால வழிவிடாமப் போச்சே ஒரு லாரி, அந்த டிரைவர்தாங்க காப்பாத்துனது."

எல்லாவற்றையும் சொன்னேன். வளைவில் உன்னைப் பார்த்துச் சொன்ன வார்த்தையையும் சொன்னேன். அவள் முகம் சிவந்தது. என்ன திட்டினாலும் வாங்கிக்கொள்ளத் தயாராக நின்றேன். அவள் திட்டவில்லை. மகளின் தலையில் கையை வைத்துக்கொண்டு கேட்டாள்: "அவர் எங்க இருக்கார்? நான் பார்க்கணுமே."

கண்ணைத் துடைத்துக்கொண்டு, பூண்டியில் உன் மகள் இருக்கிறாள் என்று மட்டும் சொன்னேன். நாளைக் காலை அவளைப் பார்க்க முதலாளியின் மகளை அழைத்துப் போகிறேன். கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப்பையில் வைத்திருக்கிறேன், அதை என்ன செய்வதென்று உன் மகள் சொல்லட்டும்.

புத்தகத்தை அந்தத் தம்பியிடமே கொடுத்துவிட்டேன். அது வண்டியோடு இருக்கவேண்டியது. கறை படிந்த பக்கத்தை மடித்துக் காட்டினேன். இந்தத் தடவை அவர் சிரிக்கவில்லை. கேட்டைத் தாண்டிக் கார் இறங்கியபோது, கியர் பிடித்த என்ஜினின் உறுமல் கேட்டது.

திங்கட்கிழமை முதல் எனக்குப் பழையபடி பள்ளிக்கூட பஸ். இனி இறக்கத்தில் பின்னால் எவனாவது அவசரக்காரன் ஹாரன் அடித்து விரட்டி வந்தால், கண்ணாடியில் அவன் சக்கரத்தைப் பார்ப்பேன். புகை தெரிந்தால் நடுரோட்டில் ஏறிக்கொண்டு, ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி, உள்ளங்கை தரையைப் பார்க்க அசைப்பேன். அவன் உள்ளேயிருந்து என்ன சொல்லித் திட்டுவான் என்று எனக்குத் தெரியும். திட்டட்டும் என்று, உன்னைப்போலவே, வழிவிடாமல் போவேன்.