சின்னவள் மன்னிப்புக் கேட்க மாட்டாள்

அன்புள்ள தங்கைக்கு,

அக்கா எழுதுவது. நானும் அம்மாவும் நலம். நாலு பக்கக் கடிதத்தில் உன் உடம்பைப் பற்றி ஒரு வரி இல்லை. பக்கம் முழுக்க நான் வசனம் எழுதும் டிவி தொடரின் கதாநாயகிக்கு அர்ச்சனை. டைரக்டரிடம் தினமும் வாங்கிக் கட்டிக்கொள்வது போதாதென்று நீயும் சேர்ந்துகொண்டாயா?

தொடரின் மூல நாவலைப் பாதியில் மூடிவிட்டதாக எழுதியிருக்கிறாய். முழுக் கதையையும் நான் சொல்கிறேன். கூப்பிட்டால் காற்று வரும், அதுதான் அவளுடைய வரம். ஊரைச் சுற்றி எதிரிப் படை நிற்க, அப்பா படுக்கையில் கிடக்க, அந்தக் காற்றிலேறிப் போய்விடுகிறாள். வாயைத் திறந்தால் பொய். கோபம் வந்தால் கப்பலைக் கவிழ்க்கிறாள். அப்பா சாவுக்கும் வருவதில்லை. பல வருடம் கழித்து வாசலில் வந்து நின்று, கதவை மாற்றிவிட்டீர்களா என்று கேட்கிறாள். புத்தகத்தில் அவ்வளவுதான்.

டைரக்டருக்கு அது போதவில்லை. அவள் அம்மா காலில் விழுந்து கதற வேண்டுமாம். இல்லாவிட்டால் பார்க்கிறவர்களுக்கு அவளைப் பிடிக்காதாம். அதே கதையில் மூன்று தலை நாகம் பாதி ஊரைக் கொளுத்துகிறது, அதை யாரும் ஏன் என்று கேட்கவில்லை. ஒரு பெண் அழாமல் வீட்டுக்குள் நுழைந்தால் மட்டும் ஜனங்களுக்குத் தாங்காதாம். சரி என்று இரண்டு முறை கதற வைத்து எழுதிப் பார்த்தேன். எழுதியதில் அவளைக் காணோம், யாரோ ஒருத்தி அழுதுகொண்டிருந்தாள். கிழித்துப் போட்டேன். வசனத்துக்கு வேறு ஆள் பார்க்கட்டுமா என்கிறார்.

நீ என்னடாவென்றால், முடிவைப் படிக்காமலே, மன்னிப்புக் கேட்கத் தைரியமில்லாதவள் திரும்பி வரவே கூடாது என்று எழுதுகிறாய். படித்ததும் எனக்கு அப்படி ஒரு கோபம். யாரை நினைத்துக்கொண்டு எழுதினாய் என்று எனக்குத் தெரியாதா? நீ விமானம் ஏறியபோது அப்பா ஆஸ்பத்திரியில் இருந்தார். அவர் போனதற்கும் நீ வரவில்லை. தப்புதான். என் கதாநாயகி செய்ததும் தப்புதான், அதில் ஒரு எழுத்தைக்கூட நான் குறைக்கவில்லை. ஆனால் தப்புச் செய்தவளுக்கு வாசலில் வார்த்தை வராமல் போகலாம். அதற்காக வீட்டில் யாராவது கதவைச் சாத்துவார்களா?

இனி வீட்டு விஷயம். கதாநாயகி வீடு திரும்பும் காட்சியை அடுத்த மாதம் எடுக்கிறார்கள். போன வாரம் டைரக்டர் போனில் மறுபடியும் ஆரம்பித்தார். நானும் பொறுமையிழந்து கத்திவிட்டேன்.

"சின்னவ அடுத்த மாசம் வீட்டுக்கு வர்றா. மன்னிப்பெல்லாம் கேக்க மாட்டா. அவ்வளவுதான்."

கதையில் இரண்டு மகள்களில் இளையவள் என்பதால் எங்கள் குழுவில் அவளுக்கு அதுதான் பெயர். சமையலறையில் அம்மா இருந்ததை மறந்துவிட்டேன். இந்த வீட்டில் சின்னவள் என்றால் யார்?

போனை வைத்துவிட்டு வந்து பார்த்தால், மாடியில் உன் அறையில் அடைத்து வைத்திருந்த பெட்டிகளை அம்மா ஒவ்வொன்றாக வெளியே இழுத்துக்கொண்டிருக்கிறாள். முட்டி வலியால் மாடிப்படி ஏறாதவள். உன் பேச்சை எடுத்தாலே எழுந்து போகிறவள். நான் வாயைத் திறப்பதற்குள் முந்திக்கொண்டாள்.

"மன்னிப்பும் வேணாம், மண்ணும் வேணாம். வந்தா போதும். நீ எதையாவது கேட்டு அவளை வெரட்டிடாதே."

மறுநாள் அந்த வார்த்தையை அப்படியே கதையில் வரும் அம்மாவுக்கு எழுதிக் கொடுத்தேன். டைரக்டர் இரண்டு தடவை படித்தார். காலில் விழுவதை எடுத்துவிட்டார். என் வேலையும் தப்பித்தது.

நம் அம்மாவிடம்தான் மாட்டிக்கொண்டேன். கட்டிலை ஜன்னல் பக்கம் போடலாமா, உனக்கு வெயில் ஆகாதே என்று தினமும் கேட்கிறாள். நீ வருவது எந்தத் தேதி என்கிறாள். அது கதையில் வருகிறவள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, சொல்லப் போவதும் இல்லை. சொல்லித்தான் ஆக வேண்டும் என்றால் நீயே நேரில் வந்து அவளிடம் சொல்.

உடம்பைப் பார்த்துக்கொள். நன்றாக இரு.

கோபம் இன்னும் தீராத,
உன் அக்கா