வெண்டிய விட பெரிய மவுண்டு

ஜனவரி 12, ஞாயிறு

சர்ச்சுல பூசை முடிஞ்சு வந்து ரசம் வச்சேன். மிளகு இல்ல, பக்கத்து வீட்டு சாந்தினிகிட்ட வாங்கப் போனா அவ பூனை நாலு குட்டி போட்டிருக்கு, ஒண்ணு சுத்த கருப்பு — சரி, அத விடு. சாப்பிடறப்ப இவரு போன நீட்டுறாரு. "பாரு எல்ஸி, நம்ம வெண்டி எடுத்த நட்சத்திரப் படம்!"

வெண்டி இவரு தம்பி பொண்டாட்டி, ஈப்போ பக்கம் சிம்பாங் பூலாய்ல இருக்கா. டெலஸ்கோப்பு புடிக்க அவளுக்குச் சொல்லிக் கொடுத்தது யாரு? நானு! என் படத்துல நட்சத்திரமெல்லாம் புழு மாரி நீண்டு கெடக்கு. அவளோடது ஜவ்வரிசி மாரி உருண்டை.

ரசத்த பாதியில வச்சுட்டு எந்திரிச்சிட்டேன்.

ஜனவரி 18, சனி

ஈப்போல டெலஸ்கோப்பு விக்கற கடைக்குப் போனேன். கடை மொதலாளி தவுக்கே என் டெலஸ்கோப்பு டியூப்பு, கேமரா எல்லாத்தையும் தராசுல வச்சாரு. ஆறு கிலோ. அத ஏத்தி நிறுத்தற மவுண்டுதான் கோளாறாம். "ஒங்க மவுண்டு அஞ்சுதான் தாங்கும் அக்கா, அதான் ஆடுது. படம் எடுக்கணும்னா பெட்டியில போட்டிருக்கற கிலோவுல பாதிதான் ஏத்தணும்."

மாவு மெஷின் மாரிதான். ரெண்டு லிட்டர்னு எழுதியிருக்கும், ரெண்டும் போட்டா மாவு செவுத்துல.

"பதிமூணு கிலோ மவுண்டு போதும்"னாரு.

"சிம்பாங் பூலாய் பொண்ணு எத வாங்குச்சு?"

"அதேதான் லா."

அப்ப எனக்கு எதுக்கு அது? "அதுக்கு மேல?"

"இருபத்தஞ்சு தாங்கறது இருக்கு. ஆனா அதுவே கனம், தூக்க ஆளு வேணும்."

அந்த இருபத்தஞ்சையே சீனப் பெருநாள் கழிச்சு அனுப்புங்கன்னுட்டேன்.

பிப்ரவரி 8, சனி

வந்துருச்சு. ஹால்ல மாப்ள கணக்கா நிக்குது. வெண்டிக்கு படம் அனுப்பினேன். "எப்படி அக்கா தூக்குவீங்க?"ன்னு கேக்கறா. பொறாமை! நல்லா படட்டும்.

பிப்ரவரி 9

தூக்க முடியல.

பிப்ரவரி 22, சனி

வீட்டு வாசல்ல தெரு வெளக்கு, ஒண்ணும் தெரியாது. பழைய ரப்பர் தோட்டத்துப் பக்கம், இப்ப எல்லாம் செம்பனை எண்ணெய் மரம், அங்கதான் நல்ல இருட்டு. இவருக்கோ இடுப்பு வலி. "நான் என்ன லோரியா?"ங்கறாரு. மவுண்டு மேல கைலிய காயப் போட்டிருக்காரு!

வெண்டி இந்த வாரம் மூணு படம் அனுப்பிட்டா. மூணு! ஒருத்தியா தூக்கிட்டுப் போறா. வயிறு எரியுது, என்னா செய்ய?

பிப்ரவரி 27, வியாழன்

வெண்டி போன் பண்ணா. "அக்கா, நாளைக்கு தோட்டத்துக்குப் போறேன். ஒங்க டியூப்ப மட்டும் எடுத்துக்கிட்டு வாங்களேன், என் மவுண்டுல வச்சிக்கலாம்."

வேலை இருக்குன்னேன். என்னா வேலை? ஒண்ணுமில்ல.

மார்ச் 1, சனி

நேத்து வாசல்ல அவ காரு ஹார்ன் அடிச்சுச்சு. டியூப்ப தூக்கிக்கிட்டு எறங்கிட்டேன். தோட்டத்துல அவ மவுண்டுல அசையாம உக்காந்துச்சு. தவுக்கே சரியாத்தான் சொன்னாரு, நான் எங்க கேட்டேன்.

இன்னிக்கு படத்தப் பாத்தோம். எல்லாம் உருண்டை. வெண்டி குடும்ப குரூப்புல போடப் போனா.

"யாரு பேரு போடறது அக்கா?"

"ரெண்டு பேரு பேரும் போடு"ன்னேன். "மொதல்ல எம்பேரு."

அவ சிரிக்கிறா. நான் சிரிக்கல.