கொசு இல்லாத மலையில் மலேரியா

சேசு மரி சூசை துணை

ரிங்லெட்
1944 ஜூன் 11, ஞாயிறு

அன்பு மகன் சூசைமுத்துவுக்கு அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் மூச்சோடும் பாதி வயிற்றோடும் இருக்கிறோம், நீயும் அப்படியாவது இருக்க வேண்டும் என்று காலையும் மாலையும் மன்றாடுகிறோம். இந்தக் கடிதம் தபாலில் வரவில்லை. தானா ராத்தாவில் சாப்பாட்டுக்கடை வைத்திருக்கிற மைதீன், காய்கறி லோரியோடு கீழே இறங்கும்போது மடியில் வைத்துக் கொண்டுவருகிறார், எவனும் பிரித்துப் படிக்க மாட்டான் என்ற தைரியத்தில் மனதில் இருப்பதை எல்லாம் கொட்டுகிறேன். அம்மாவுக்கு முட்டிவலி கொஞ்சம் தேவலை. தேயிலையைப் பாதிக்கு மேல் பிடுங்கிவிட்டு மரவள்ளி நட்டிருக்கிறார்கள், மூன்று வேளையும் அந்தக் கிழங்குதான். தோட்ட ஆஸ்பத்திரியில் மருந்து என்று சொல்ல உப்புத் தண்ணீரும் கிழிந்த வேட்டித் துணியும்தான் மிச்சம், அதை வைத்துக்கொண்டு நான் இன்னும் புண்ணுக்கு மருந்து கட்டுகிற டிரஸ்ஸர் என்று பெயர் பண்ணிக்கொண்டிருக்கிறேன்.

உன்னிடம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும், கவனமாகப் படி. நம் தேயிலைத் தொழிற்சாலையில் ஜப்பான்கார சோல்ஜர்களைத் தங்க வைத்திருக்கிறார்கள் அல்லவா, சண்டை எங்கேயோ பர்மாவில் நடக்கிறது, இங்கே ஒரு வேட்டுச் சத்தம்கூடக் கிடையாது, ஆனால் பிப்ரவரியிலிருந்து அவர்களில் மூன்று பேர் செத்துவிட்டார்கள், மூன்று பேரும் தாங்களாகவே. அவர்களை விரட்டியது அவர்களுடைய ஆபீசர்தான். தரையில் இழுபடுகிற வாளைக் கட்டிக்கொண்டு நடக்கிறான், அந்த வாளால் இதுவரை அவன் வெட்டியது நம் வாழைமரம் இரண்டு. பொத்தான் அறுந்தால் அறை, தலை குனிவது ஒரு விரற்கடை குறைந்தால் அறை, ஒருவனை அறைந்தது போதாதென்று அவர்களையே எதிரெதிரே நிற்க வைத்து ஒருவரை ஒருவர் அறையச் சொல்வான், இதற்குப் பெயர் வீரமாம். முதல் இரண்டு பேர் செத்தபோதும் என்னைக் கூப்பிட்டு சாவுத் தாளில் மலேரியா என்று எழுதச் சொன்னார்கள். இந்தக் குளிரில் தொட்டுப் பார்க்க ஒரு கொசு கிடையாது. எழுதினேன்.

மூன்றாவது ஆள் மோரி. உனக்கு அவனைத் தெரியாது, நீ இந்தியாவை மீட்கிற பட்டாளத்தில் சேர்ந்து போன பிறகு வந்தவன். ஊரில் முடிவெட்டுகிற தொழில். அறை வாங்கி வாங்கிக் காதில் சீழ் வடிந்தது, அதைத் துடைக்க என்னிடம் வருவான், துடைத்த கூலிக்கு என்னை உட்கார வைத்து முடி வெட்டிவிடுவான். அம்மா கொடுத்த கிழங்கை உரித்துக்கொண்டே ஒன்று, ரெண்டு என்று எண்ணப் படித்தான், ஏழு மட்டும் அவன் வாயில் வராது, அம்மா சிரிப்பாள். போன மாதம் ஒரு நாள் தன் கத்தரிக்கோலை அம்மா கையில் வைத்து அழுத்திவிட்டுப் போனான். நல்ல எஃகு, நமக்கு லாபம் என்று மடையன் நான் சந்தோஷப்பட்டேன். மறுநாள் காலையில் இலை வாட்டுகிற மாடியிலிருந்து அவனை இறக்கிக் கிடத்தக் கூப்பிட்டார்கள். அந்த ஆபீசர் மற்றவர்களை எல்லாம் வரிசையில் நிறுத்தி, செத்துக் கிடந்தவன் கன்னத்தில் ஓர் அறை விட்டான். என் கண்ணால் பார்த்தேன் மகனே, பிணத்தை அறைகிற வீரனை. காது சவ்வு கிழிந்திருக்கிறது, முதுகெல்லாம் பிரம்புத் தடம், தானே உயிரை விட்டான் என்று தாளில் எழுதினேன். ஆபீசில் கணக்கெழுதுகிற கிராணி சின்னையா, இப்போது அவனுக்கு ஜப்பான் பாஷை தெரியுமாம், என் காதருகே வந்து, டிரஸ்ஸர் ஐயா, மலேரியான்னு எழுதிட்டுப் போங்கலா, செத்தவன் எந்திரிச்சு வந்தா கேக்கப் போறான் என்றான். ஆபீசர் தாளைக் கிழித்து என்னையும் அறைந்தான், புதுத் தாள் வைத்தான். எழுதினேன், மலேரியா என்றே எழுதினேன். அந்தக் கையால்தான் இப்போது உனக்கும் எழுதுகிறேன்.

புதன்கிழமை திரிங்காப்பிலிருந்து கந்தசாமி வந்தார். உங்கள் முகாமில் இருந்த அவர் மகன் தங்கராஜு காய்ச்சலில் செத்துப்போனான், நாட்டுக்காக உயிர் கொடுத்தான் என்று அச்சடித்த தாள் வந்திருக்கிறது. அதை மடித்து மடித்துப் பிரித்தார், அழவும் தெரியாமல், பெருமைப்படவும் தெரியாமல். அன்று சாயங்காலமே உன் கடிதம் மைதீன் கையில் வந்தது. தங்கராஜு காவலுக்கு நின்ற இடத்தில் தன்னையே சுட்டுக்கொண்டான், கோழை என்று சொல்லிப் பாட்டுக்கூடப் பாடாமல் புதைத்தார்கள் என்று எழுதியிருந்தாய். கப்பலும் இல்லை, சண்டையும் இல்லை, வெயிலில் முட்டிபோட வைப்பதும் அறைவதும்தான் என்று எழுதியிருந்தாய். அடிக்கிற கை நம் ஆளுடையது என்பதால் கன்னம் குறைவாக வலிக்குமா என்ன. கடைசியில், தூக்கம் வருவதில்லை, என் கம்பளிக் கோட்டை யாருக்காவது கொடுத்துவிடுங்கள் என்றிருந்தது. அந்த வரியைப் படித்ததும் மோரியின் கத்தரிக்கோல் ஞாபகம் வந்தது. கோட்டை நாங்கள் கொடுக்க மாட்டோம்.

பட்டாளத்துக்கு ஆள் சேர்க்க வந்து, மேடையில் மாலை போட்டுக்கொண்டு உயிரைக் கேட்டவர்கள் எவரும் தங்கள் வீட்டுப் பிள்ளையை அனுப்பவில்லை. அவர்களைவிட எனக்கு அருவருப்பானவன் ஒருவன் உண்டு. நீ லோரி ஏறிய அன்று சனம் பார்க்கிறது என்பதற்காக, தோத்துட்டுத் திரும்பினா என் வாசப்படி ஏறாதடா என்று கத்தினேன். நாலு பேர் கை தட்டினார்கள், உன் முகம் போன போக்கை நான் பார்க்காதது போல் நின்றேன். அந்த வார்த்தையை வாபஸ் வாங்குகிறேன். தோற்றுவிட்டு வா. ஓடி வா. மொட்டை அடித்து அனுப்பினாலும் வா. கோழை என்று சொல்லுகிறவன் முதலில் என்னிடம் வந்து சொல்லட்டும்.

செய்ய வேண்டியது இதுதான். தனியாக இருக்காதே, காவலுக்குத் தனியே போடாதபடி உடம்பு சரியில்லை என்று படுத்துக்கொள். இரத்தபேதி என்று சொல், மூன்று நாள் சாப்பிடாமல் இருந்தால் முகமே சாட்சி சொல்லும், டிரஸ்ஸர் மகனுக்கு இதற்கு மேல் சொல்லித்தர வேண்டாம். மனதில் வருகிற அந்த எண்ணத்தை உன் பக்கத்துப் படுக்கைக்காரனிடம் வாய்விட்டுச் சொல், அவனுக்கும் அது இருக்கும். மைதீனிடமிருந்து இந்தக் கடிதத்தை வாங்கி உன் கையில் தருகிறவர் அவர் தம்பி மூசா, உங்கள் முகாமுக்குப் பின்னால் அவருக்குக் கடை இருக்கிறது, மைதீன் மூலம் கேட்டுவிட்டேன், எந்த நேரம் வந்தாலும் கதவு திறப்பேன் என்று சொல்லியிருக்கிறார்.

கர்த்தர் உன் தலைமேல் கை வைத்துக் காப்பாராக, மாதா உன்னைத் தூங்க வைப்பாளாக. படித்ததும் எரித்துவிடு. பதில் நீளமாக வேண்டாம், இருக்கிறேன் என்று ஒரு வார்த்தை எழுதி மூசாவிடம் கொடு, அது வரும்வரை உன் அம்மா சாப்பிட மாட்டேன் என்கிறாள்.

இப்படிக்கு,
உன்னைப் போகச் சொன்ன உன் அப்பா
ராஜநாயகம்