சிவப்பு நூல் சுற்றிய கத்தி

என் ராங்கிக்கு,

உன் உதட்டு வீக்கம் வடிந்துவிட்டது. அதனால் எழுப்பாமல் கடைக்குக் கிளம்புகிறேன்.

நேற்று கிவி வெட்டிய கத்தியைக் கழுவாமல் அதிலேயே உன் ஆப்பிளையும் நறுக்கினேன். உனக்கு வாய் அரித்ததும், "ஆப்பிளுக்குக்கூடவா அலர்ஜி? சும்மா நடிக்காதே!" என்று கத்தவும் செய்தேன். கத்தியில் ஒட்டியிருந்த கிவிதான் காரணம் என்று டாக்டர் விளக்கிய பிறகுதான் உறைத்தது.

சிவப்பு நூல் சுற்றிய புதுக் கத்தி உனக்கு மட்டும். தையற்காரன் நான் போட்ட முடிச்சு, அவிழாது. டாக்டர் தந்த ஊசி சாவிக்கொத்துப் பக்கத்தில் இருக்கிறது. மூச்சு முட்டினால் உடனே போட்டுக்கொண்டு ஆம்புலன்ஸைக் கூப்பிடு.

என் அக்கா பழக்கூடையோடு வருவாள். கிவி இருந்தால் தயங்காமல் திருப்பிக் கொடு. கோபித்தால் என்னிடம் வரட்டும்.

பி.கு.: மிச்சக் கிவியைக் கடைக்கு எடுத்துப்போகிறேன். அங்கேயே தின்று, பல் தேய்த்துவிட்டுத்தான் வருவேன். வாசலில் முகத்தைத் திருப்பிக்கொள்ளாதே.